வித்துராவிலிருந்து நான் ஓட்டிவந்த காளை

போனக்காடு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் ஒரு வருஷம் முழுக்க ஒரு கன்றுகூடப் பிறக்கவில்லை. அதற்குக் காரணம் நான்தான். (ஊரில் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். இவ்வளவு மரியாதையாகச் சொல்ல மாட்டார்கள்.)

எஸ்டேட்டில் வேலை நின்றபின் எங்கள் பதினோரு வீட்டுக்கும் மாட்டுப்பால்தான் சோறு போட்டது. சினை ஊசி போடும் ஆள் அடிவாரத்து வித்துராவிலிருந்து மலையேறி வருவதற்குள் மாட்டுக்குப் பருவம் தப்பிவிடும். "இதுக்கு நான் வழி பண்றேன்" என்று கிளம்பிப்போய், அங்கே ஒருவரிடம் கேட்டு ஒரு காளையை ஓட்டிவந்தேன். பளபளவென்று கறுப்பு. அதன் பக்கத்தில் நடந்தபோது எனக்கே மீசை தடித்த மாதிரி இருந்தது. எல்லா வீட்டுப் பசுவையும் அதனோடு சேர்த்தோம்.

மூன்று வாரத்தில் பசுக்கள் மறுபடி கத்த ஆரம்பித்தன. சினை நிற்கவில்லை. புல்லைக் குறை சொன்னேன், தண்ணீரைக் குறை சொன்னேன், மனைவி மல்லிகா தீவனம் கலக்கும் விதத்தையும் சொன்னேன். (அன்று எனக்கும் தீவனம் கிடைக்கவில்லை.) பக்கத்து வீட்டு ராஜம்மா அக்காவின் பசு மட்டும் சினையானது. நாலாம் மாதம் அதுவும் கலைந்தது.

அதன்பிறகுதான் மாட்டு டாக்டரம்மாவைக் கூப்பிட்டோம்.

"காளையில ஒரு குறையும் இல்ல டாக்டர். நானே பாத்துப் பொறுக்கினது" என்றேன், ஊரே கேட்கும்படி.

"அண்ணா, காளைக்கு வெளியில ஒண்ணும் தோணாது. அதுதான் பிரஸ்னம்" என்றார் டாக்டரம்மா, மலையாளம் கலந்த தமிழில்.

பரிசோதனைக்குக் காளையின் குறியுறையைக் கழுவி நீர் எடுக்க வேண்டும். கயிறு என் கையில். நீர் பட்டதும் காளை என்னைச் சாணிக்குழி வரை இழுத்துப்போய்த் தள்ளியது. ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

முடிவு வந்தது: கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி. காளைக்கு எந்தத் தொந்தரவும் தராது. சேரும்போது பசுவுக்குப் போய்க் கருவைக் கலைக்கும். காளையை விலக்கி, பசுக்களைச் சில மாதம் சேர்க்காமல் விட்டால் பெரும்பாலும் தானே சரியாகும் என்றார் டாக்டரம்மா.

"அதுவரைக்கும் பாலு?" என்றேன். அவர் பையை மூடினார்.

பால் வற்ற வற்ற, வீட்டுக்கு ஒருவராகக் கட்டட வேலைக்குச் சிட்டிக்கு பஸ் ஏறினார்கள். நானும் ஏறினேன். ராஜம்மா அக்கா திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "நீ என்ன தெரிஞ்சா செஞ்ச, விடுப்பா" என்றுவிட்டார்.

மறு வருஷம் எப்படியோ ஊசிக்காரரை நேரத்துக்கு வரவழைத்து, சினை ஊசியில் கன்றுகள் பிறந்தன. ஆனால் போன மாசம், எங்கள் வீட்டில் தங்கை மகளுக்கு வரன் பேசும்போது, "எனக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தன்..." என்று வாயெடுத்தேன். தங்கை கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அண்ணா, நீ கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டா மதி, அது போதும். மாப்பிள்ளைய நாங்க பாத்துக்கிறோம்."

வீடே குலுங்கியது. முதலில் சிரித்தவர் ராஜம்மா அக்கா. அவருடைய பசு மட்டும் அதன்பிறகு சினை பிடிக்கவேயில்லை. அவர் சிரிக்கும்போதெல்லாம் நானும் சிரித்துவிடுகிறேன். வேறென்ன செய்ய?