அக்கட்ட என்றால் எந்தாண்ட?

எதிரணிக்காரர்கள் உங்களைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினால், நீங்கள் ஏதோ பெரிதாகச் செய்துவிட்டீர்கள் என்று பொருள். என்னைத் தூக்கினார்கள். நெய்வேலி டவுன்ஷிப் மைதானத்தில், பட்டப்பகலில், அப்பா அம்மா உட்பட ஊரே பார்த்துக்கொண்டிருக்க, பெங்களூர் அணியின் தடியர்கள் என்னைத் தூக்கிக் கொஞ்சினார்கள். அதற்காக நான் வெட்கப்பட வேண்டும் என்று அன்றிலிருந்து பல பேர் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். படவில்லை. படுவதாகவும் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். (எனக்கு எதிரான தீர்ப்பு என்றால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.)

எங்கள் ஊர் முத்தாண்டிக்குப்பம். அப்பா சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. அம்மா பண்ருட்டிக்கு முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிறவர். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்துக்குள் மழைக்கு ஒதுங்காமல் படிப்பதற்கென்றே நுழைந்த முதல் ஆள் நான். பட்டம் வாங்கினேன். ஆனால் பட்டத்தைவிட எனக்கு நன்றாக வந்தது கபடிதான். யாராவது பாடிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தால், தொடையைப் பிடித்து மண்ணில் சாய்க்காமல் திருப்பி அனுப்பியதில்லை.

நெய்வேலியைச் சுற்றிப் பிறந்த பிள்ளைகளுக்கு 'அம்மா', 'அப்பா'வுக்கு அடுத்தபடியாகத் தெரிகிற சொற்கள் 'பர்மனென்ட்', 'கான்ட்ராக்ட்'. பர்மனென்ட் என்றால் குவார்ட்டர்ஸ், வாசலில் மாமரம், சம்பந்தம் பேச வருகிறவர்கள் முகத்தில் ஒரு தனிச் சிரிப்பு. கான்ட்ராக்ட் என்றால், இன்றைக்கு வேலை இருக்கிறது. நாளைக்கு? நாளைக்குப் பார்க்கலாம். அப்பா நான் பிறப்பதற்கு முன்னாலிருந்தே நாளைக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு கல்லூரிக் கபடிப் போட்டியில் என் தொடைப்பிடியைப் பார்த்துவிட்டு ஒருவர் வந்து கைகொடுத்தார். சென்னையில் அமெரிக்கன் ஃபுட்பாலுக்குத் தொழில்முறை அணி ஒன்று நடத்துகிறார்களாம், அதன் கோச்சாம். அணியின் பெயர் 'முதலைகள்'. ("முதலையா? கடிச்சுக்கிடிச்சு வெக்கப்போவுதுடா" என்றார் அம்மா.) கோச்சுக்குச் சொந்த ஊர் பொள்ளாச்சி. அமெரிக்காவில் படித்து, அங்கேயே ஆடியவர், ஆங்கிலத்தில்தான் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் பொள்ளாச்சி வந்துவிடும். அதுவும் மரியாதையோடு வரும். வாழ்க்கையில் 'ங்க' போட்டு என்னை அவ்வளவு திட்டியவர் வேறு யாரும் இல்லை.

ஆட்டம் இதுதான். எலுமிச்சைப்பழம் மாதிரி இரண்டு பக்கமும் கூரான ஒரு பந்து. அதை ஒரு அணி தூக்கிக்கொண்டு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்ட வேண்டும், இன்னொரு அணி தடுக்க வேண்டும். தடுக்கிறவர்களில் முன்னால் சுவர் மாதிரி சிலர் நிற்பார்கள். சுவரை உடைத்துக்கொண்டு வருகிறவனைப் போட்டுத் தாக்குவதற்குப் பின்னால் சிலர். அவர்கள்தான் லைன்பேக்கர்கள். தலையில் ஹெல்மெட், தோளில் பஞ்சுமூட்டை, கையில் சம்பளம். இவ்வளவு நாளும் சும்மா செய்துகொண்டிருந்ததற்கு யாராவது பணம் தருகிறேன் என்றால் நீங்கள் மாட்டேன் என்பீர்களா?

முதல் நாளே அணியைச் சிரிக்கவைத்து வயிற்றைப் புண்ணாக்கினேன். கபடியில் தடுக்கிறவர்கள் பக்கத்து ஆளின் கையைக் கோத்துக்கொண்டு நிற்பது வழக்கம். எனக்குப் பக்கத்தில் லூதியானாக்காரன் ஹர்ஜீத் நின்றான், ஆள் ஆறடிக்கு மேல். விசில் ஊதியதும் நான் பாசத்தோடு அவன் கையைக் கோத்துக்கொண்டேன். அவன் கையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். கோச் ஓடி வந்தார்.

"ஏனுங் தம்பி, கல்யாணத்துக்குங்களா வந்திருக்கீங்க?"

அப்புறம் கற்றுக்கொண்டேன். எதிராளியின் இடுப்பைப் பார்க்க வேண்டும், கண்ணைப் பார்த்தால் ஏமாற்றிவிடுவான் என்பதை, தலையைத் தூக்கி வைத்துக்கொண்டு தோளால் மோத வேண்டும் என்பதை, மோதிய பிறகும் காலை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதை. ஹர்ஜீத்துக்கு நான் கணுக்கால் பிடி சொல்லிக்கொடுத்தேன். (இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.) ஒரு நாள் கோச் என்னை லைன்பேக்கர்களின் நடுவே நிறுத்தி, "இனி நீதான் மைக்" என்றார். நடு லைன்பேக்கருக்கு அந்த விளையாட்டில் அப்படித்தான் பெயர். கோச் சொல்வதைக் கேட்டு மற்றவர்களுக்குக் கத்திச் சொல்வது அவன் வேலை. பெருமை தாங்காமல் வீட்டுக்குப் போன் செய்தேன்.

"அப்பா, என்னை மைக் ஆக்கிட்டாங்கப்பா."

"மைக் செட்டாடா? அதுக்கா மெட்ராசுக்குப் போன? இங்க நம்ம சேகரே மைக் செட்ட வெச்சிகினு ஈ ஓட்டிகினு இருக்கான்."

விளக்கினேன். விளக்கியதில் இன்னொரு உண்மையும் வெளியே வந்துவிட்டது. அணியில் மெயின் டீம் என்று ஒன்று உண்டு, பயிற்சிக் குழு என்று ஒன்று உண்டு. மெயின் டீம் ஆட்கள் மோதிப் பழக நிற்கிற சுவர்தான் பயிற்சிக் குழு. நான் சுவர். என்னை மைக் ஆக்கியதும் சுவருக்குள்ளேதான். எப்போது வேண்டுமானாலும் போகச் சொல்லலாம்.

அப்புறம் அப்பா கேட்டார். "அங்கியும் கான்ட்ராக்ட்டுதானா?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் நான் அடுத்த பருவம் முழுக்க ஓடினேன்.

அப்போது ஒரு அறிவிப்பு வந்தது. ஊர் ஊராகக் காட்சிப் போட்டி. நெய்வேலியிலும் ஒன்று, பெங்களூர் அணியோடு. மெயின் டீம் மைக்குக்கு முட்டியில் அடி. கோச் என்னைக் கூப்பிட்டு, "இந்த மேட்ச்சில் நீ மைக். சரியாக ஆடினால் மெயின் டீமில் கையெழுத்து" என்றார். அன்றே வீட்டுக்குச் சொன்னேன். அப்பா ஷிப்ட் முழுக்கச் சொல்லிவிட்டார். "எம்புள்ள நம்மூர்லயே பர்மனென்ட் ஆவப்போறான், வந்து பாருங்க."

நடத்துகிறவர்கள் உள்ளூரில் தமிழ் வர்ணனைக்கு ஆள் தேடினார்கள். யாரைப் போடலாம் என்று என்னைக் கேட்டார்கள். எங்கள் பக்கம் எல்லாக் கபடிப் போட்டிக்கும் மைக் பிடிப்பவர் சேகர் அண்ணன். அவரையே சொன்னேன். என் குழியை நானே வெட்டியது மட்டுமல்ல, அதற்கு ஒலிபெருக்கியும் கட்டினேன்.

ஆட்டம் நன்றாகத்தான் போனது. சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு நான் சாய்க்காத பெங்களூர்க்காரன் இல்லை. சேகர் அண்ணனுக்கு விதி ஒன்றும் புரியவில்லை, ஆனால் தொண்டை இருந்தது. "அய்யோ புடிச்சான்யா! நம்ம கதிரு புடிச்சான்! ஆள் அவுட்டு!" யாரும் அவுட் ஆகிற ஆட்டமல்ல அது. கேட்க யாருக்கும் மனசில்லை.

கடைசிக் கட்டம். நாங்கள் ஒரு பாயிண்ட் முன்னால். மிச்சம் சில நொடிகள். பந்து அவர்களிடம். அவர்கள் ஆள் தன் கூட்டாளிக்குப் பந்தை வீசினான், நான் பாய்ந்தேன், பந்து என் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது.

இந்த இடத்தில் செய்ய வேண்டியதை எங்கள் ஊர்க் கோழிகூடச் செய்திருக்கும். அப்படியே படுத்துவிட வேண்டும். பந்தைக் கட்டிக்கொண்டு தூங்கியிருந்தால் வெற்றி, கையெழுத்து, பர்மனென்ட். சரி, ஓடத்தான் ஓடுகிறாய், எதிரணிக் கோட்டைப் பார்த்து ஓடு.

நிமிர்ந்தேன். எதிரே வரிசையாகப் பெங்களூர். எல்லாரும் என்னை நோக்கி வருகிறார்கள். ஒலிபெருக்கியில் சேகர் அண்ணன் உயிர் போகிற மாதிரி கத்துகிறார்.

"தொட்டுட்டான்! தொட்டுட்டான்! வூட்டுக்கு வா கதிரு! வூட்டுக்கு வாடா!"

ஓரத்திலிருந்து கோச்சும் கத்தினார். கோபத்தில் அவருக்குப் பொள்ளாச்சி வந்துவிட்டது. "அக்கட்ட! தம்பி, அக்கட்ட ஓடுங்க! அக்கட்ட!"

அக்கட்ட என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. எங்கள் பக்கம் அந்தாண்ட, இந்தாண்ட என்போம். அக்கட்டவைக் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் எதிரே ஏழெட்டுப் பேர் வளைக்க வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது என் காலுக்குத் தெரியும். கபடியில் தொட்டவன் தன் பக்கத்துக்கு, வீட்டுக்கு, திரும்ப வேண்டும்.

திரும்பினேன். எங்கள் கோட்டைப் பார்த்துப் பறந்தேன். என் அணிக்காரர்களே குறுக்கே விழுந்தார்கள். ஒருவனைத் தோளால் தட்டினேன். ஹர்ஜீத் பாய்ந்து கணுக்கால் பிடி போட்டான். அந்தப் பிடியைக் கற்றுக்கொடுத்தவனே நான், உதறத் தெரியாதா? வாய் தன்பாட்டுக்கு "கபடி கபடி கபடி" பாடிக்கொண்டிருந்தது என்று பிற்பாடு ஹர்ஜீத் சொன்னான். கோட்டைத் தாண்டினேன். முட்டி போட்டுப் பந்தைத் தரையில் வைத்தேன். எழுந்து தொடையைத் தட்டினேன்.

மைதானமே அதிர்ந்தது. விசில் பறந்தது. சேகர் அண்ணன், "முத்தாண்டிக்குப்பம் கதிரு பாயிண்ட்டு!" என்று அறிவித்துவிட்டார். நடுவர் என் அருகே வந்தார். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி உள்ளங்கைகளைச் சேர்த்தார்.

கூட்டத்தில் அப்பாவின் குரல் தனியாகக் கேட்டது. "நடுவரே கும்புட்டுட்டாருய்யா!"

ஆட்டம் தெரிந்தவர்களுக்கு மட்டும் அந்தக் கும்பிடின் பொருள் தெரியும். சொந்தக் கோட்டுக்குப் பின்னாலேயே பந்தோடு போய் முட்டிபோட்டால், எதிரணிக்கு இரண்டு பாயிண்ட். அதற்கான சைகை அது. ஒரு பாயிண்ட் முன்னால் இருந்த நாங்கள் ஒரு பாயிண்ட் பின்னால் போனோம். மிச்சமிருந்த நொடிகளில் ஒன்றும் நடக்கவில்லை. பெங்களூர்க்காரர்கள் வந்து என்னைத் தூக்கினார்கள்.

பந்தலுக்குள் அணி மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். "இவனை இப்படியே வீட்டுக்கு அனுப்பிடலாம் கோச். பக்கத்துலதானே இருக்கு."

கோச் தண்ணிக் கேன்மேல் உட்கார்ந்திருந்தார். "எத்தனை தடவைங் தம்பி கத்துனேன், அக்கட்ட அக்கட்டன்னு?"

தலையைக் குனிந்துகொண்டு நிற்பேன் என்று எதிர்பார்த்தார்கள். எனக்கோ உடம்பெல்லாம் எரிந்தது. "அக்கட்டன்னா என்னா கோச்?"

"அக்கட்டன்னா... அக்கட்டதானுங். அந்தப் பக்கம்."

"அதுக்கு அந்தாண்டன்னு பேரு கோச்! அந்தாண்டன்னு ஒரு வார்த்த கத்தியிருந்தா நான் இப்ப பெங்களூர் வரைக்கும் ஓடியிருப்பேன். மைக்குக்குப் புரியாத பாஷைல சொன்னா மைக் என்னா பண்ணும்?"

மேனேஜர் வாயைத் திறந்தார். நான் விடவில்லை. "பந்தப் புடிச்சது யாரு சார்? நாந்தான். அவங்க டீமும் தொரத்துச்சு, நம்ம டீமும் தொரத்துச்சு. இருவத்தோரு பேருல ஒருத்தரால என்னைக் கீழ தள்ள முடிஞ்சுதா? பக்கம் தப்பு, ஒத்துக்கறேன். பக்கத்த சொல்லிக் குடுத்துடலாம். இந்த ஓட்டத்த எங்கனா வாங்கியாந்து குடுப்பீங்களா? அனுப்பறதுன்னா அனுப்புங்க. மன்னிப்பு மட்டும் கேக்க மாட்டேன்."

கோச் நெடுநேரம் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "கையெழுத்து இப்பக் கெடையாதுங். பஸ்ஸுல ஏறுங்க" என்றார்.

பஸ் கிளம்பும் முன் வெளியே வந்தேன். டவுன்ஷிப் பெரியவர் ஒருவர் அதற்குள் அம்மாவிடம், "படிச்ச பையன், பக்கம் தெரியாம ஓடிட்டானேம்மா" என்று துக்கம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

"எம்புள்ள எங்க வூட்டுக்குத்தான ஓடியாந்தான்?" என்றார் அம்மா. "கண்டவங்க வூட்டுக்கா போனான்?"

அப்பா மட்டும் இன்னும் சிரிப்பு மாறாமல் நின்றார். அவரிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"தோத்துட்டோம்ப்பா."

"அப்ப எதுக்குடா அந்தாளு கும்புட்டாரு?"

சொன்னேன். சிரிப்பு மெல்ல இறங்கியது. "பர்மனென்ட்டு?"

"இல்லப்பா. கான்ட்ராக்ட்டுதான்."

அப்பா மைதானத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நாளைக்கு வேலைக்குக் கூப்புட்டிருக்காங்களா?"

"கூப்புட்டிருக்காங்கப்பா."

"அப்ப போ. பஸ்ஸு நிக்கிது பாரு."

போனேன். மறுநாள் பயிற்சியில் கோச் எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, புது வார்த்தை ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார். அதிலிருந்து எங்கள் அணியில் யார் பந்தைப் பறித்தாலும், லூதியானாக்காரனும் மணிப்பூர்க்காரனும் மலையாளியும் ஒரே குரலில் அலறுவார்கள். "அந்தாண்ட! அந்தாண்ட!" வேறு அணிக்காரர்கள் அதை ஏதோ ரகசியத் திட்டம் என்று நினைத்து இன்றும் குழம்புகிறார்கள்.

இரண்டு பருவம் கழித்து, பறித்த பந்தோடு நான் அந்தாண்ட ஓடினேன், எதிரணியின் கோடு வரைக்கும். அந்த வாரமே மெயின் டீமில் கையெழுத்து.

எங்கள் வீட்டில் இப்போதெல்லாம் யாரும் யாரையும் திட்டுவதில்லை. குழம்பில் உப்பு கூடினாலும், பால் பொங்கி அடுப்பில் வழிந்தாலும், அப்பா தலைக்கு மேல் கைகளைத் தூக்கி ஒரு கும்பிடு போடுவார். அவ்வளவுதான், தப்பு செய்தவர்கள் தலையிலடித்துக்கொள்வார்கள்.

கையெழுத்துப் போட்ட அன்று வீடியோவில் கூப்பிட்டு, "பர்மனென்ட்ப்பா" என்றேன். அப்பா இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார்.

"அப்பா, அது தப்புக்குக் காட்டறது."

"தெரியும்டா" என்றார் அப்பா. கையை இறக்கவில்லை.