இரண்டரை வோல்ட்டும் மாடி அறையும்

காலை ஆறு மணி ஐந்து நிமிடம். தெருவில் ஓடிய சிறுவாணித் தண்ணீர் நாற்பது குடம் இருக்கும். மாடிக்கு ஓடிப் போய் மோட்டாரை நிறுத்தியவர் பெயர் பிரவீனா. என் மனைவி.

"ஏனுங்க, உங்க மெஷின் செத்துப்போச்சுங்க. தொட்டி நெறஞ்சும் மோட்டார் நிக்கலீங்க."

"சாகாது. அது நான் செஞ்சது" என்றேன், போர்வைக்குள்ளிருந்து.

நான் ரவிக்குமார். பாலிடெக்னிக் ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் லேப் வாத்தியார். வடவள்ளியில் வீடு. மேல்தொட்டி நிறைந்தால் மோட்டாரைத் தானாக நிறுத்தும் போர்டு ஒன்றை என் கையால் செய்து மாட்டியிருந்தேன். மூன்று மாதம் ஒரு சொட்டு வழியவில்லை. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. பார்க்க வராதவர்களை நானே போய்க் கூட்டி வந்தேன்.

போதாக்குறைக்கு, முதல் நாள்தான் ஆயுத பூஜை. கிரைண்டர், ஸ்கூட்டர், மீட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்திருந்தேன். போர்டுக்கு மட்டும் விசேஷக் கவனிப்பு. நடுவிலிருந்த சிப்புக்குத் திருநீறு, பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனம், மேலே குங்குமம். சாமியே நம் பக்கம் இருக்கும்போது மெஷின் எப்படிச் சாகும்?

மாடி அறைக்குப் போய்ப் போர்டில் வோல்ட் மீட்டரை வைத்தேன். தொட்டி நிறைந்தால் சிப்பின் அவுட்புட் பூஜ்யம் வோல்ட் காட்ட வேண்டும். காலியானால் ஐந்து. சிப்புக்குத் தெரிந்த பதில் இந்த இரண்டுதான். இதுவோ இரண்டரை காட்டியது. ஆமாமும் இல்லை, இல்லையும் இல்லை. சம்பந்தம் பேசப் போன வீட்டில் 'ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்பறோமுங்க' என்பார்களே, அந்த மாதிரி பதில்.

அதற்குள் பக்கத்து வீட்டு சிக்கந்தர் மேலே வந்துவிட்டார். மோட்டார் காயில் கட்டுபவர். நாற்பது வருட அனுபவம், நாலே வார்த்தையில் தீர்ப்பு.

"பழைய சுவிட்சே போட்டுருங்க வாத்தியாரே."

"சிக்கந்தர் பாய், இது காயில் இல்லீங்க. லாஜிக்."

"லாஜிக்கு ரோட்டுல ஓடுதுங்களே."

பிரவீனா சிரித்தாள். அது போதும், எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"பத்து நாள். பத்தே நாள்ல சரி பண்றேன்."

"பண்ணலீன்னா?"

"என்ன வேணுமோ கேளு அம்மணி."

"இந்த ரூம்புங்க."

மாடி அறை என் லேப். வீட்டில் என் பேச்சு செல்லுபடியாகும் ஒரே இடம். அவளுடைய தையல் மெஷினோ பத்து மாதமாகச் சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் துணி போர்த்தி உட்கார்ந்திருந்தது. அவள் ரவிக்கை தைக்க உட்கார்ந்தால் நான் தட்டோடு எழுந்து நிற்க வேண்டும். ஆனாலும் பின்வாங்க முடியுமா? சிக்கந்தர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"சரி. ஆனா ஒரு கண்டிஷன். அதுவரைக்கும் இந்தப் பழுதைப் பத்தி யாரும் எங்கிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாது."

"ஒரு வார்த்தை கூடவுங்களா?"

"கூடாது."

"எழுதிக் குடுத்துருங்க. அப்பறம் மாத்திப் பேசுவீங்க."

காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினேன். அக்டோபர் 12, ஞாயிறு, மாலை ஆறு மணி கெடு. கையெழுத்துப் போட்டேன். சிக்கந்தர் சாட்சி.

வேலையை முறைப்படி ஆரம்பித்தேன். சிப்புக்கு வரும் சப்ளை ஐந்து வோல்ட், சரி. கிரவுண்டு, சரி. தொட்டியிலிருந்து வரும் ஒயரை மாற்றினேன். மோட்டாரைப் போட்டு அணைக்கும் ரிலேவை மாற்றினேன். மீட்டர் முனையைச் சந்தனத்துக்குள் பயபக்தியோடு குத்தி, சிப்பின் கால்களை ஒவ்வொன்றாக அளந்தேன். இரண்டரை அசையவில்லை.

ஆனால் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அளந்தால் கச்சிதமாகப் பூஜ்யம்! சிக்கந்தரைக் கூப்பிட்டுக் காட்டினேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படுத்தேன். மறுநாள் காலை பனியில் தெரு மறுபடியும் நனைந்தது.

பிரவீனா போர்டைப் பார்த்தாள். ஜன்னல் வழியே மருதமலைப் பக்கம் வானத்தைப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. ஒப்பந்தத்தை மதிக்கிறாள் என்று நினைத்தேன்.

சிப்தான் கெட்டது என்று முடிவு கட்டினேன். டவுன்ஹால் பக்கம் போய்ப் புதுசு வாங்கி வந்தேன். எங்கள் ஊர்ப் பட்டறைகளில் புது மெஷினுக்குப் பொட்டு வைக்காமல் கரண்டு கொடுக்கும் வழக்கமில்லை. திரும்பிப் பார்த்தேன். பிரவீனா பின்னால் நின்றாள், கையில் சந்தனக் கிண்ணம். கேட்காமலே அரைத்து வந்திருக்கிறாள்! எப்பேர்ப்பட்ட மனைவி. தாராளமாக வைத்தேன்.

இரண்டரை வோல்ட்.

இரண்டாவது சிப். கிண்ணம் வந்தது. பொட்டு. இரண்டே முக்கால்.

மூன்றாவது சிப்புக்கு இன்னும் கொஞ்சம் அழுத்தி வைத்தேன். சந்தனம் இரண்டு பக்கமும் வழிந்து கால்களைத் தொட்டது. சாமி குறை வைக்காது என்றிருந்தேன். ரிலே பல்லி மாதிரி 'டக் டக்' என்று கத்திற்று.

ஞாயிறு மாலை ஆறடிக்க ஐந்து நிமிடம். தொட்டி நிறைந்துவிட்டது, மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. சிக்கந்தர் மணி பார்த்தார். நான் மீட்டரைப் பார்த்தேன். இரண்டரை. அவர் கைக்கடிகாரத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"ஆறு ஆயிருச்சுங்க வாத்தியாரே."

"சரிங்க, நானே ஒத்துக்கறேன். இது எவனாலயும் கண்டுபிடிக்க முடியாத பழுது."

"இப்பப் பேசலாமுங்களா?" என்றாள் பிரவீனா.

முந்தானையிலிருந்து பழைய டூத் பிரஷ் ஒன்றை எடுத்தாள். ஸ்பிரிட்டில் நனைத்தாள். சிப்பின் காலிலும் போர்டிலும் அப்பியிருந்த சந்தனத்தைச் சுத்தமாகத் தேய்த்து எடுத்தாள். துணியால் துடைத்தாள். ஊதினாள்.

பூஜ்யம். மோட்டார் நின்றது.

"எப்ப தெரியும் உனக்கு?"

"ரெண்டாம் நாளே தெரியுமுங்க. வெயில் ஏறுனா சரியாவுது, பனி உளுந்தா கெடுது. காயறதும் நனையறதும் சிப்புங்களா? சந்தனமுங்க. இன்புட் கால்ல துளி ஈரம் பட்டாப் போதும், அவுட்புட்டு அந்தரத்துல நிக்கும்னு சோத்துத் தட்டு முன்னால உக்காந்து எத்தனை நாள் பாடம் எடுத்திருக்கீங்க."

"சொல்லியிருக்கலாமே!"

காலண்டர் தாளை நீட்டினாள். என் கையெழுத்து அழகாகத்தான் இருந்தது.

"அப்ப சந்தனம் அரைச்சுக் குடுத்தது?"

"கிண்ணத்தத்தானுங்க நீட்டினேன். ஒரு வார்த்தை பேசினனுங்களா?"

சிக்கந்தர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "வாத்தியாரே, உங்க லேப்ல மொதல்ல என்ன சொல்லிக் குடுப்பீங்க?"

கரும்பலகையில் வருடா வருடம் நான் எழுதும் முதல் வரி: மீட்டரை எடுக்கும் முன் கண்ணால் பார். அதை அவருக்குச் சொல்லவில்லை. பிரவீனா சொல்லிவிட்டாள்.

இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ பேர் என்னிடம் படித்திருக்கிறார்கள். கையில் மீட்டர் இல்லாமல், வானத்தைப் பார்த்துப் பழுதைக் கண்டுபிடித்த மாணவர் ஒருவர்தான். அவருக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். இதைத் தெருவில் ஒருவர் விடாமல் சொல்லிவிட்டேன். அவர்களும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டார்கள்.

அக்டோபர் 13, திங்கட்கிழமை, காலை ஒன்பது மணிக்கு மாடி அறையில் தையல் மெஷின் ஏறியது. தூக்கிப் போனது நான். பொட்டு வைத்ததும் நான்தான்.