தினந்தோறும் தணிக்கை செய்யப்பட்ட ஹார்ட் டிஸ்க்

ஒரு பொருளை அடிக்கடி பரிசோதிப்பவனுக்கு, அதைத் தானே காப்பாற்றி வருவதாக ஒரு நினைப்பு வந்துவிடும். தணிக்கைத் துறையில் ஓய்வு பெறும்வரை நான் அந்த நினைப்புக்குத்தான் சம்பளம் வாங்கினேன். ஓய்வுக்குப் பிறகு தணிக்கை செய்ய மிஞ்சியது, மகளின் கல்யாண வீடியோ இருந்த ஹார்ட் டிஸ்க் மட்டும்தான்.

அதன் உடல்நலத்தைக் காட்ட ஒரு மென்பொருள் போட்டிருந்தேன். வெப்பம் எவ்வளவு, 'பேட் செக்டர்' எனப்படும் பழுதான இடங்கள் எத்தனை, எல்லாம் சொல்லும். தென்காசியில் சாரல் தொடங்கிய வாரம், பச்சையில் இருந்த 'நலம்' மஞ்சளாகி 'கவனம்' என்றது. அதே வாரம் ஆலங்குளத்திலிருந்து சம்பந்தியம்மாள் போன் செய்தார். சம்பந்தி இறந்து ஓராண்டு ஆகப்போகிறது.

"அவங்க பேசுதது, சிரிக்கது எல்லாம் அந்த வீடியோவுலதான இருக்கு அண்ணாச்சி. வேற எங்கயும் இல்ல. தலைத்திவசத்துக்கு முன்னால ஒரு மட்டம் பாத்துக்கிடுதேன்."

"தாராளமா வாங்க மதினி" என்றேன். (வீடியோ எடுத்தவர் தன் பிரதியை எப்போதோ அழித்திருந்தார்.)

நடைமுறை எனக்கு அத்துப்படி. மஞ்சள் வந்தால் டிஸ்க்கைத் தொந்தரவு செய்யக் கூடாது. முதல் வேலையாக எல்லாவற்றையும் வேறு டிஸ்க்குக்கு மாற்ற வேண்டும். பக்கத்து வீட்டாருக்கு இதை நான் பாடமே எடுத்திருக்கிறேன். ஆனால் ஓர் எண்ணைச் சரிபார்க்காமல் ஏற்பது எங்கள் துறையில் பாவம். பழுது எவ்வளவு என்று முழுச் சோதனை ஓட்டினேன். கூடியிருந்தது. கூடியது உண்மைதானா என்று மறுபடி ஓட்டினேன். இன்னும் கூடியது.

"ஏங்க, நெஞ்சு வலிக்காரன ஆசுபத்திரிக்குக் கொண்டு போகாம, ஓடிக் காட்டு பாப்போம்னு சொல்லுதீங்களே!" என்றாள் மனைவி.

"நகல் இருக்கு."

"எங்கன?"

"அதே டிஸ்க்குல, வேற ஃபோல்டர்ல."

(அலுவலகத்தில் அசல் மேல்தட்டு, நகல் கீழ்த்தட்டு; பீரோ ஒன்றே. எந்த அதிகாரியும் குறை சொன்னதில்லை.) அவள் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

சம்பந்தியம்மாள் வருவதாகச் சொன்ன நாள் காலையில், இன்னொரு சோதனையின் நடுவே டிஸ்க் 'டிக், டிக்' என்றது. பிறகு கம்ப்யூட்டர் அதை அடையாளமே தெரியாது என்று கைவிரித்தது. வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

"மதினி, சீசன் நல்லாருக்கு. மொதல்ல இவளோட குத்தாலத்துக்குப் போயிட்டு வாங்களேன்" என்றேன்.

"நான் அருவி பாக்க வரல அண்ணாச்சி. அவங்களப் பாக்க வந்தேன்."

உண்மையைச் சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்து, தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் இருப்பவரைப் போல டிஸ்க்குக்கு எதிரே உட்கார்ந்தார்.

பிறகுதான் நடைமுறைப்படி நடந்தேன். டிஸ்க்கைக் கழற்றி ஆறவிட்டேன். கடைத்தெருவுக்கு ஓடிப் புது டிஸ்க் வாங்கினேன். நல்ல பகுதிகளை முதலில் நகலெடுத்து, அடம்பிடிக்கும் இடங்களைக் கடைசிக்குத் தள்ளும் மென்பொருளை ஏவினேன். பழைய டிஸ்க் ஒருவழியாகக் கண் திறந்தது. மனைவி போட்ட காப்பி மூன்று தம்ளரிலும் ஆறியது.

சாயங்காலம் புது டிஸ்க்கில் வீடியோவைத் திறந்தேன். கல்யாணப் பந்தியில் சம்பந்தி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கத்தினார்: "ஏலே, கடேசி வரிசைக்குச் சாம்பார் போகலைலே!"

"இதே சத்தம்தான்... இதே சத்தம்தான்" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மதினி அழுதார், அழுதுகொண்டே சிரித்தார்.

முழுதும் ஓட்டிப் பார்த்தோம். அசலில் ஒரே ஓர் இடம்தான் போயிருந்தது. (வேறு ஃபோல்டரில் இருந்த நகல் திறக்கவே இல்லை.) படம் கட்டம் கட்டமாக உடைந்து, சத்தமே இல்லாமல் நெடுநேரம் நின்றது. வரவேற்பில் நான் ஆற்றிய நன்றியுரை அது. மென்பொருள் எத்தனை முறை மோதியும் ஒரு வாக்கியம்கூடத் தேறவில்லை.

மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அன்னைக்கு எங்களாலயே தாங்க முடியல அண்ணாச்சி. டிஸ்க்கு என்ன பண்ணும், பாவம்!"

இப்போது அந்த வீடியோ வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு டிஸ்க்குகளில் பத்திரமாக இருக்கிறது. குடும்ப விசேஷங்களில் நான் மைக்கைத் தொட்டால், "பேட் செக்டர் வருது, எலயப் போடுங்க!" என்று யாராவது குரல் கொடுப்பார்கள், கூட்டம் பந்திக்கு நகரும். அந்த நன்றியுரைக்கு நகல் உண்டா என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.