வீடு தேட வரைந்த மூன்று கோடுகள்

பெருமதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. என் இடது முட்டியைத் தவிர இங்கே எல்லோரும் சுகம். நீங்களும் வீட்டாரும் முட்டி உட்பட சுகமாக இருக்க வேண்டுகிறேன். இதே ஊரில் இருந்துகொண்டு எதற்குக் கடிதம் என்பீர்கள். போனில் பேசினால் உங்கள் தங்கை காதில் விழும்.

விஷயம் இதுதான். வீட்டுக்காரர் தன் மகளைக் குடிவைக்கப் போகிறாராம், மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். மற்றவர்கள் என்றால் புரோக்கரைப் பார்ப்பார்கள். கணக்கு டீச்சரைக் கட்டிய நான் கட்டத்தாளைப் பார்த்தேன். உங்கள் தங்கை ஊர் மேப்பின் மேல் கட்டம் போட்டு, இப்போதைய வீட்டை ஆதிப்புள்ளியாக்கி, கிழக்கே எக்ஸ், வடக்கே ஒய் என்று வைத்து, "யாருக்கு என்ன வேணும்னு சொல்லுங்க, எல்லாத்தையும் அசமன்பாடா எழுதிடலாம்" என்றாள். பள்ளிக்கூடம் போகிற வழியில் ரயில்வே கேட்டில் நிற்க முடியாதாம், ஆகவே தண்டவாளத்துக்குத் தெற்கேதான் வீடு. லாரி ஓடும் அந்தச் சாய்வான பைபாஸைத் தாண்டவும் கூடாதாம். அதற்கு "எக்ஸ் மைனஸ் ஒய், இரண்டை மிஞ்சக் கூடாது" என்று எழுதினாள். எனக்கு இருந்தது ஒரே ஆசை, என் ஆபீஸ் மேனேஜர் குடியிருக்கும் தெருவுக்குக் கிழக்கே தள்ளிப் போய்விட வேண்டும்.

"அந்தத் தெருவுலயே கிடைச்சா?"

"கோட்டு மேலகூட வேண்டாம்மா!"

"அப்ப அது புள்ளிக்கோடு" என்று விட்டுவிட்டு வரைந்தாள்.

ஒய்யைத் தனியே பிரித்து, கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று பார்த்து, பென்சிலால் நிழலிடும் வேலை எனக்கு வந்தது. மூன்று நிழலும் விழுகிற இடத்தில் வீடு தேடினால் போதும். விழுந்தது பாருங்கள், தென்கிழக்கே மேப்பின் ஓரம் வரைக்கும்! இவ்வளவு இடமா என்று ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் குதூகலமாகக் கிளம்பினோம். முதலில் வீடுகள் முடிந்தன, பிறகு தார் முடிந்தது, பிறகு ரோடே முடிந்தது. எதிரே சதுப்பு நிலம், நிறைய வாத்து. வாத்து மேய்த்தவர் எங்களை மேலும் கீழும் பார்த்து, "வீடா? இங்க வாத்துக்கே இடம் பத்தலீங்க" என்றார். நான் வண்டியைத் திருப்பினேன், வண்டி என்னைத் திருப்பிப் போட்டது. உங்கள் தங்கை சேற்றில் உட்கார்ந்தபடி மேப்பையே பார்த்தாள். "அப்ப நான் பிள்ளைங்களுக்கு நடத்துறதெல்லாம் சும்மாவா?" என்று கேட்டபோது அவள் குரல் உடைந்துவிட்டது. எனக்கு முட்டி வலியே மறந்துபோனது.

ஆகையால் மச்சான், நீங்களாக வந்தது போல வந்து, கணக்கு வேறு குடித்தனம் வேறு என்று பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். நான் சொன்னால் எடுபடாது.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் காலுக்கு வணக்கம், சின்னதுகள் கன்னத்துக்கு முத்தம்.

இப்படிக்கு,
சேறு கழுவிய மாப்பிள்ளை

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் பிடிபட்டுவிட்டேன். கடிதத்தைப் படித்தவள் நேராகப் பைபாஸ் கோட்டுக்குப் போனாள். நான் மைனஸால் வகுத்துவிட்டுக் குறியைத் திருப்ப மறந்திருக்கிறேன். நிழல் பைபாஸுக்கு அந்தப் பக்கம் விழுந்துவிட்டது, அன்று ஸ்கூட்டரில் அதைத் தாண்டியபோதுகூடக் குதூகலத்தில் இருவருக்கும் உறைக்கவில்லை. "பூஜ்ஜியம் பூஜ்ஜியம் போட்டுப் பார்த்திருந்தாலே நம்ம வீட்டுப் பக்கம்தான் நிழல்னு தெரிஞ்சிருக்குமே!" என்று தலையில் அடித்துக்கொண்டு, சிரிக்கவும் ஆரம்பித்துவிட்டாள். சரியாக நிழலிட்டால் ஒரு சின்ன முக்கோணம். அதற்குள் காலியாக இருப்பது உங்கள் மாடி ஒன்றுதான். எனவே புத்திமதி வேண்டாம். லாரி வியாழக்கிழமை வருகிறது, மாடிச் சாவியைத் தேடி வையுங்கள்.