சிட்டுவுக்கு ஓர் இடம்

சிட்டுவிடம் கேட்ட முதல் கேள்விக்கு அவள் அப்பா பதில் சொல்லிவிட்டார்.

"உன் பேர் என்னம்மா?" என்றுதான் தலைமை ஆசிரியை கேட்டிருந்தார்.

"சிட்டு மேடம். கூப்பிடற பேரு. அதைச் சொன்னாத்தான் திரும்பிப் பாப்பா."

தலைமை ஆசிரியை மூக்குக் கண்ணாடியை இறக்கி அவரைப் பார்த்தார். "நான் பாப்பாவைக் கேட்டேன்."

"சாரி மேடம். இனிமே வாயே திறக்க மாட்டேன்."

"அப்படித்தான் சொல்லுவார்," என்றாள் அம்மா, யாரையும் பார்க்காமல்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். அந்தரத்தில் நின்றுவிட்ட பெட்டிகளிலிருந்து மனிதர்களை வெளியே கொண்டுவருவது அவர் தொழில். பெற்ற மகளை ஒரு பள்ளிக்கூடத்துக்கு உள்ளே அனுப்புவதுதான் அவருக்குக் கைகூடவே இல்லை. சிட்டுவுக்குப் பதினொரு வயது. மற்றப் பிள்ளைகள் போகிற போக்கில் கற்றுக்கொள்வதை அவள் வெகு மெதுவாகத்தான் கற்றாள். பேச்சும் இரண்டு வார்த்தைக்கு மேல் நீளாது. ஒரு சிறப்புப் பள்ளி, "இவளைப் பாத்துக்க எங்ககிட்ட ஆள் போதாது" என்றது. இன்னொன்று, "இவ நல்லாத்தானே இருக்கா, இங்க எதுக்கு?" என்றது. இந்தப் பள்ளியில் இருந்தது ஒரே ஒரு காலியிடம். அதற்காகத்தான் அப்பா சலவைச் சட்டை போட்டு, வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தலைமை ஆசிரியை மேசைமேல் கலர் மணிகளைப் பரப்பினார். "சிவப்பு எதும்மா?"

சிட்டு அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்தபடி மணிகளைப் பார்த்தாள். அப்பா வாயைத் திறக்கவில்லை. சிவப்பு மணி கிடந்த வலது பக்கமாகத் திரும்பி இருமினார். சிட்டு மணிகளை விட்டுவிட்டு, கவலையோடு அவர் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தாள்.

"உடம்பு சரியில்லையா சார்?"

"இல்ல மேடம், தொண்டை."

இருமல் எடுபடாததால், மேசைக்கு அடியில் சிட்டுவின் காலை மெல்லத் தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தித் தட்டினார்.

"அது என் கால்," என்றார் தலைமை ஆசிரியை.

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

இடம் போனது போனதுதான் என்று அப்பா நினைத்தபோது, தலைமை ஆசிரியை நிதானமாக எழுந்தார். "வாங்க, வகுப்பைப் பாத்துட்டு வரலாம்."

வகுப்பின் வாசலிலேயே அப்பா நின்றுவிட்டார். சன்னலோரம் ஒரு பையன் செருப்பின் வாரைக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தான். வார் நழுவியது. மறுபடி மாட்டினான். மறுபடி நழுவியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆசிரியையின் கை மடியிலேயே இருந்தது. "சீக்கிரம்" என்று ஒரு குரல் எங்கிருந்தும் வரவில்லை. கடைசியில் வார் மாட்டியது. பையன் தன் காலையே ஏதோ புதுப் பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். இவ்வளவு பொறுமையை ஓர் அறைக்குள் அவர் பார்த்ததே இல்லை.

"நீங்க இதுல உக்காருங்க சார்." தலைமை ஆசிரியை மூலையில் இருந்த குட்டையான மர நாற்காலியைக் காட்டினார். இரு பக்கமும் கைகள் வைத்தது.

"நான் நிக்கறேனே மேடம்."

"பெரியவங்க நின்னா பிள்ளைங்க கவனம் போயிடும்."

அப்பா மூச்சை உள்ளிழுத்து உட்கார்ந்தார். முழங்கால் தாடையைத் தொட்டது. அம்மா சுவரோரம் நின்றுகொண்டாள்; அவளை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

சிட்டுவிடம் ஒரு சட்டையைக் கொடுத்துப் பொத்தான் போடச் சொன்னார்கள். முதல் பொத்தானே தவறான ஓட்டைக்குப் போயிற்று. உதவிக்குப் போக அப்பா சட்டென்று எழுந்தார். நாற்காலியும் அவரோடு எழுந்தது.

உட்கார்ந்து பார்த்தார், இன்னும் ஆழமாக இறங்கினார். பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தார். பெல்ட் ஒரு கட்டையில் மாட்டிக்கொண்டது. அம்மா ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தாள். சலவைச் சட்டை அக்குளில் கிழிந்தது. எப்போதும் பாக்கெட்டில் இருக்கும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நாற்காலியையே கழற்றிவிடலாம் என்று குனிந்தார். அது கைநழுவி உருண்டுபோய் அலமாரிக்கு அடியில் புகுந்தது.

"மேடம், கொஞ்சம்..." என்றார் பரிதாபமாக.

"வகுப்பு நடக்குது சார்," என்றார் தலைமை ஆசிரியை. அசையவில்லை.

பிள்ளைகள் சுற்றி வந்து நின்றார்கள். ஒருத்தி டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். இன்னொருவன் கைதட்டினான். அவமானத்தில் அப்பாவின் காது சிவந்தது.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு சிட்டு வந்தாள். புது இடத்தில் அப்பாவின் சட்டையை விட்டு ஓரடி நகராதவள், ஒரு பொத்தான் மட்டும் போட்ட சட்டையோடு வந்து அவர் தோளில் கை வைத்தாள்.

"பதறாதீங்க சார். நான் வெளியிலதான் நிக்கறேன்."

அப்பா நிமிர்ந்து மகளைப் பார்த்தார்.

"உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?"

"நான்... நான் ஒருத்தன்தான்."

"லைட் எரியுதா?"

"எரியுதும்மா."

"கதவைத் தட்டாதீங்க. மெதுவா மூச்சை விடுங்க."

சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாலும், பேருந்து நிறுத்தத்திலும், லிஃப்டில் சிக்கியவர்களிடம் அவர் போனில் சொல்லும் வார்த்தைகள். ஒன்றுகூடப் பிசகவில்லை. அவர் இழுத்துப் பேசும் இடத்தில் அவளும் இழுத்துப் பேசினாள். அவளுக்கு ஒன்றும் ஏறவில்லை என்று அவர் நினைத்திருந்த அத்தனை வருடமும், பக்கத்தில் உட்கார்ந்து அவள் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள்.

அவர் மூச்சை விட்டார். வயிறு உள்ளே போயிற்று. சிட்டு பெல்ட்டைக் கட்டையிலிருந்து எடுத்துவிட்டாள். செருப்புப் பையனிடம் திரும்பி, "புடி," என்றாள். அவன் நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டான். அவள் அப்பாவின் இரண்டு கையையும் பிடித்து இழுத்தாள். அவர் வெளியே வந்தார்.

"வந்தாச்சு சார். பாத்து இறங்குங்க," என்றாள் சிட்டு.

வகுப்பு முழுக்கக் கைதட்டியது. அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். சிரித்த மாதிரியும் இருந்தது. அப்பா நின்ற இடத்திலேயே நின்று மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஒன்றும் நடக்காததுபோலப் போய் இரண்டாவது பொத்தானை எடுத்தாள். இந்த முறை அவர் உதவிக்குப் போகவில்லை. போகத் தோன்றவும் இல்லை.

"திங்கக்கிழமை கூட்டிட்டு வாங்க," என்றார் தலைமை ஆசிரியை.

"மேடம், நான் உங்க காலை வேற..."

"பரவால்ல சார். பாப்பா நல்லா வருவா."

வெளியே வரும்போது, பள்ளிக் காவலாளி அந்த நாற்காலியைத் தோளில் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார். அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை.

"அண்ணே, சின்னப் பிள்ளைங்க நாற்காலியில போய் உக்காந்துட்டேன். ஏதாவது உடைஞ்சிருந்தா சொல்லுங்க, சரி பண்ணித் தந்துடறேன்."

"சின்னப் பிள்ளைங்க இதுல எங்க சார் உக்காருவாங்க? அட்மிஷனுக்கு வர்ற அப்பாங்களுக்குன்னே மேடம் அளவு சொல்லிச் செய்ய வச்ச நாற்காலி இது. கொஞ்சம் வழி விடுங்க, அடுத்தவர் வந்து இருமிக்கிட்டிருக்காரு."