சொகுசு வண்டி ஆய்வுக் குழுவின் இறுதிக் கூட்டம்

மனித குலத்தின் மகத்தான முடிவுகள் யாவும் எதையாவது இடித்துத் தள்ளிவிட்டுத்தான் தொடங்கியிருக்கின்றன. நான் இடித்தது எங்கள் வீட்டு கேட்டின் இடப்பக்கத் தூணை. அதையும் என் சொந்த வண்டியால் இடிக்கவில்லை. வாங்கலாமா வேண்டாமா என்று ஓட்டிப் பார்க்க இரவல் பெற்று வந்த, ஏழு பேர் உட்காரும், செகண்ட் ஹேண்ட் சொகுசு எஸ்.யு.வி.யால் இடித்தேன்.

தூண் விழுந்தது. வண்டியின் பம்பரில் ஒரு சிராய்ப்பு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த விற்பனையாளர் இறங்கிப் பார்த்துவிட்டு, "பாத்தீங்களா சார், என்னா ஸ்ட்ராங்கு" என்றார். விழுந்த தூணுக்கு வருந்துவதா, விழாத வண்டிக்கு மகிழ்வதா என்ற கேள்வியில் நான் உடனே மகிழ்ச்சியின் பக்கம் சாய்ந்தேன். என் மனைவி துடைப்பத்தோடு வந்து செங்கல் தூளைக் கூட்டினாள். குனிய முடியாததால் விறைப்பாக நின்றபடியே கூட்டினாள்.

இந்த வண்டி எனக்காக அல்ல. உலகம் இதைத் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. என் மனைவிக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. எங்கள் சின்னக் காரில் தரையோடு தரையாக உட்கார்ந்து எழுந்திருக்க அவள் படும் பாட்டைக் கண்டு உருகித்தான் 'உயரமான வண்டி' என்ற எண்ணமே எனக்கு உதித்தது. முட்டிகளை மாற்றிவிடும்படி டாக்டர் சொன்னது உண்மைதான். அது 'பரிசீலனையில்' இருக்கிறது. எங்கள் சேமிப்பில் ஒன்று முட்டி வரும், இல்லையென்றால் வண்டி வரும். இரண்டும் வராது. வண்டி வந்துவிட்டால் முட்டிக்கு வேலை குறையும். வேலை குறைந்தால் அதை மாற்றும் அவசரமும் குறையும். இவ்வளவு தெளிவான தர்க்கத்தை மருத்துவக் கல்லூரிகளில் ஏனோ கற்றுத்தருவதில்லை.

என் தகுதியையும் சொல்லிவிட வேண்டும். ஒரு பெரிய அலுவலகத்தின் 'பதில் பிரிவு' என் பொறுப்பில் இருக்கிறது. பொதுமக்களின் புகார்களுக்குப் பதில் எழுதுவோம். அந்தப் பதிலில் பதில் எதுவும் இருந்துவிடாமல் பார்த்துக்கொள்வது என் தனித்திறமை. 'தங்கள் கடிதம் உரிய கட்டத்தில் உரிய கவனத்துடன் உள்ளது' என்ற வாக்கியம் அடியேனின் படைப்பு. பிரிவுக்குப் புதிதாக வருகிறவர்கள் இன்றும் அதைப் பார்த்துத்தான் எழுதிப் பழகுகிறார்கள். இப்படிப்பட்டவன் ஒரு வண்டியைச் சும்மா போய் வாங்கிவிட முடியுமா? குழு அமைத்தேன். நான் தலைவர். என் மனைவியின் தம்பி ஆலோசகர். எல்லா வண்டியைப் பற்றியும் தெரிந்தவர், எந்த வண்டியும் இல்லாதவர். என் மனைவி உறுப்பினர், தேநீர் மற்றும் இதர ஏற்பாடுகள்.

முதல் கள ஆய்வு விற்பனையாளரின் ஷெட்டில் நடந்தது. என் மனைவி ஏறிப் பார்த்தாள். இடது கால் படியைத் தொட்டது. வலது கால் பூமியை விட்டு வர மறுத்தது. "போகப் போகப் பழகிடும்மா" என்றார் விற்பனையாளர். யாருக்கு, எது பழகும் என்று அவர் விளக்கவில்லை. இந்த மனிதர் எங்கள் பிரிவில் இருந்திருக்க வேண்டியவர் என்று எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

ஆலோசகர் முன்வந்தார். "ஒரு ஸ்டூல் போட்டா முடிஞ்சுது அத்தான். இதுக்குப் போய்."

ஸ்டூல் போட்டோம். ஏறிவிட்டாள். வண்டி கிளம்பியது, ஸ்டூல் அங்கேயே நின்றது. இறங்கும்போது என்ன செய்வது என்று உறுப்பினர் உள்ளேயிருந்து கேட்டதால் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. மறுபடி கூடியபோது, ஸ்டூலுக்கு ஒரு கயிறு கட்டி, ஏறிய பிறகு உள்ளே இழுத்துக்கொள்வது என்று தீர்மானித்தோம். நானே இழுத்துக் காட்டினேன். ஸ்டூல் கதவு முழுவதையும் ஒரு கீறு கீறிவிட்டு உள்ளே வந்தது. "பழைய வண்டிக்கு அதான் சார் அழகு" என்றார் விற்பனையாளர்.

அடுத்து நிபுணர் கருத்து. மெக்கானிக் வண்டிக்கு அடியில் போய் வெகுநேரம் படுத்திருந்தார். தூங்கிவிட்டாரோ என்று நான் குனிந்து பார்த்தபோது வெளியே வந்தார்.

"நல்ல வண்டி சார். காலையில மட்டும் கொஞ்சம் உட்கார்ந்திருக்கும்."

"உட்கார்ந்திருக்கும்னா?"

"இதுல ஸ்பிரிங் கிடையாது, நாலு காலும் காத்துப் பையில நிக்குது சார். ராத்திரியில காத்து இறங்கிடும். ஸ்டார்ட் பண்ணீங்கன்னா முனகிக்கிட்டே எழுந்துக்கும். வயசாயிடுச்சுல்ல."

"அப்ப வாங்கலாமா?"

"வாங்குறவங்க வாங்கத்தான் செய்றாங்க."

"காலை மாத்தணுமா?"

"மாத்தினா நல்லது. மாத்தலைன்னாலும் ஓடும், ஓடுற வரைக்கும்."

அலுவலகத்திலும் அக்கம்பக்கத்திலும் விசாரித்தேன். மேலதிகாரி "பரவாயில்லையே" என்றார். கணக்கர் அது லிட்டருக்கு எவ்வளவு தரும் என்று கேட்டார். சொன்னதும் சிரிப்பு வந்து, அதை இருமலாக மாற்றிக்கொண்டார். எதிர்வீட்டுக்காரர் தூண் எப்போது எழும் என்று மட்டும் கேட்டார். வாங்கு என்றோ வாங்காதே என்றோ ஒரு ஜீவன் சொல்லவில்லை. எங்களுக்குக் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருப்பவர்களின் முகம் முதன்முறையாக எனக்கு லேசாகத் தெரிந்தது. நல்லவேளை, லேசாகத்தான்.

இறுதிக் கூட்டம் சாயங்காலம் எங்கள் சாப்பாட்டு மேசையில் கூடியது. உறுப்பினர் கால்களை எதிர் நாற்காலியில் நீட்டியிருந்தாள். வெந்நீர்ப் பை ஒன்றுதான் இருந்தது. அதை இந்த முட்டிக்குக் கொஞ்ச நேரம், அந்த முட்டிக்குக் கொஞ்ச நேரம் என்று மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்து நின்று தீர்மானத்தை வாசித்தேன். வண்டியை வாங்குவது. மேற்படி வண்டி காலையில் எழுந்திருக்கப் படும் சிரமத்தைக் கருணையோடு கருத்தில் கொண்டு, அதன் நான்கு கால்களையும் தாமதமின்றிப் புதிதாக மாற்றுவது. வரும் வழியிலேயே மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டும் வந்திருந்தேன். இவ்வளவு விரைவான நடவடிக்கையை என் பணிக்காலத்தில் நான் எடுத்ததே இல்லை.

ஆலோசகர் தலையாட்டினார். "சூப்பர் முடிவு அத்தான். எதுக்கும் யோசிச்சுக்கோங்க."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியதாக அறிவிக்கும் முன் உறுப்பினரையும் கேட்பது மரபு. "நீ என்ன சொல்ற?" என்றேன்.

"வேண்டாம்."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. இப்படி ஒரு சொல்லோடு முடியும் பதிலை நான் பார்த்துப் பல காலம் ஆகிறது. "வேண்டாம்னா, கொள்கை அளவிலயா? இல்ல, இப்போதைக்கா?"

"வேண்டாம்னா வேண்டாம்ங்க."

காரணம் பதிவாக வேண்டும் என்றேன். அவள் வெந்நீர்ப் பையை எடுத்து மேசைமேல் வைத்தாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும்.

"காலையில எழுந்திருக்க முடியலைன்னதும் அந்த வண்டிக்கு ஒரே நாள்ல நாலு காலையும் மாத்தச் சொல்லிட்டு வந்திருக்கீங்க," என்றாள். "எனக்கு ரெண்டுதானேங்க இருக்கு."