ஜோதிக்குப் போட்ட காம்புக் கழிவு

கம்பம்,
கார்த்திகை மாதம், வியாழக்கிழமை.

மதிப்புக்குரிய தேவதானப்பட்டி மச்சான் கர்ணன் அவர்களுக்கு, கம்பம் வாழை மண்டி ஈஸ்வரபாண்டி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. வீரபாண்டி கௌமாரியம்மன் புண்ணியத்தில், என் இடுப்பு நீங்கலாக இங்கே அனைவரும் நலம். அங்கே நீங்களும் அக்காவும், கறவை மாடும், போன மாதம் கம்பிச்சுருள் கருகிய கிணற்று மோட்டாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் உங்கள் தங்கை இருளம்மாள் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்கிறாள். வாட்ஸ்அப்பில் எழுதினால் என் விரல் தடிமனுக்கு அது தவறிப்போய்க் குடும்பக் குழுவில் விழுந்துவிடுகிறது.

விஷயம் என் மகள் ஜோதிலட்சுமியின் கல்யாணம். நீங்கள் கொண்டுவந்த பெரியகுளத்துச் சம்பந்தம் நல்ல சம்பந்தம். மாப்பிள்ளை திலீபனுக்கு அரசு வேலை, கெட்ட பழக்கம் கிடையாது. பெண் பார்க்க வந்த அன்று அவருடைய அம்மா நம் வீட்டுக் கேசரியை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "புள்ள லட்சணமா இருக்கா. என்ன, கொஞ்சம் பூசுனாப்ல இருக்கா. தைக்குள்ள ஒரு பத்து கிலோ குறைச்சுட்டீகன்னா தட்டு மாத்திக்கிரலாம்ண்ணே" என்றார்கள். விலை படிகிற நேரத்தில் பேச்சை வளர்க்கக் கூடாது என்பது தொழில் பழக்கம், நானும் சரி என்று சொல்லிவிட்டேன். அப்போது நீங்கள்தான், "வீட்லயே யோகா போடச் சொல்லுங்க மாப்ள, செலவில்லாத வேல" என்று யோசனை சொன்னீர்கள். இனி வரும் அத்தனைக்கும் அந்த யோசனையே மூலம் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஜோதி ஒரு விரிப்பு வாங்கித் தரச் சொன்னாள். வீட்டில் தார்ப்பாய் இருக்கும்போது தண்டச் செலவு எதற்கு என்று, மண்டியில் பழம் மூடுகிற தார்ப்பாயைக் கழுவி மாடியில் விரித்துக் கொடுத்தேன். எவ்வளவு கழுவினாலும் வாழைப்பழ வாசனை போகவில்லை போலிருக்கிறது, அவள் குப்புறப் படுத்துத் தலையைத் தூக்கிய நேரத்தில் கட்டெறும்பு சாரை சாரையாக வந்து, அந்த ஆசனத்தில் இல்லாத சில அசைவுகளையும் செய்ய வேண்டியதாயிற்று. அடுத்த நாள் தெரு முழுக்க ஜோதிக்கு டான்ஸ் வகுப்பு நடக்கிறது என்று பேச்சு. செல்போனில் ஒரு அம்மாள் சொல்லிக்கொடுக்கிறார்கள், நல்ல குரல்தான். ஆனால் எடை குறைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. "உங்கள் உடம்போடு சண்டை போடாதீர்கள், அதை இருக்கிறபடியே ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று தினமும் அதையே சொல்கிறார்கள். மச்சான், நான் மண்டி வைத்த நாளிலிருந்து ஒரு வாழைத்தாரையும் இருக்கிறபடியே ஏற்றுக்கொண்டது கிடையாது. நேந்திரமோ நாழிப்பூவனோ, எடை மேடையில் ஏற்றினால் காம்புக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்துவிட்டுத்தான் எடை சொல்வேன். தார் கொண்டுவந்த சம்சாரி முகம் சுளிப்பான், அடுத்த வெட்டுக்கு என்னிடமே வருவான். அப்படித்தான் உலகம் ஓடுகிறது.

பிள்ளைக்குத் துணையாக இருக்கட்டும் என்று நானும் சேர்ந்தேன். சேர்ந்தேன் என்பதைவிட, "உங்க தொந்தி உங்களுக்கு முன்னால வாசலுக்குப் போகுது, நீங்களும் செய்யுங்க" என்று உங்கள் தங்கை ஏற்றிவிட்டாள் என்பது சரி. குனிந்து கால் கட்டைவிரலைத் தொடச் சொன்னார்கள். எனக்கும் அதற்கும் பார்வைத் தொடர்பே இல்லாமல் பல வருஷம். குனிந்தவன் நிமிர முடியவில்லை. சத்தம் கேட்டு, கீழே லோடு இறக்கிக்கொண்டிருந்த கருத்தக்கண்ணன் ஓடி வந்தான். தார் அடிபடாமல் தூக்குகிற கை அவனுக்கு. என்னை அலுங்காமல் தோளில் சாய்த்து இறக்கிக்கொண்டு போனவன், பழக்க தோஷத்தில் கட்டிலை விட்டுவிட்டு மண்டியில் வாழைச் சருகின் மேல் வரிசையாகக் கிடந்த தார்களோடு கிடத்திவிட்டான். அன்றைக்கு வந்த கேரளத்து வியாபாரி என்னைச் சுற்றிப் போய்ச் சரக்குப் பார்த்தார்.

இதெல்லாம் போகட்டும். முன்பு யாராவது பெண் பார்க்க வருகிறார்கள் என்றால், ஜோதி ஒரு வாரத்துக்கு முன்பே சோற்றை ஒதுக்கிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு படுப்பாள். இப்போது காலையில் கேப்பைக் கூழ், மதியம் வயிறாரச் சோறு, நேரத்துக்குத் தூக்கம். கண்ணாடியைக் கண்டால் ஒதுங்கிப் போனவள், அதன் முன்னால் நின்று பாட்டுப் பாடிக்கொண்டு தலை சீவுகிறாள். எடை குறையவில்லை, கூச்சம்தான் குறைந்திருக்கிறது. கூச்சத்தைக் குறைப்பதாக நாம் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

இப்போது உங்களிடம் மறைத்ததைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவளை மண்டி மேடையில் ஏற்றி எடை பார்ப்பேன். அது இறங்கவில்லை. ஆனால் என் வாய் பழக்கத்தில் கழித்துச் சொல்லிவிட்டது. அதையே உங்களிடம் போனில் சொன்னேன், நீங்கள் பெரியகுளத்துக்குச் சொன்னீர்கள், அவர்களும் சந்தோஷப்பட்டார்கள். சந்தோஷப்படுகிறவர்களைக் கெடுப்பானேன் என்று அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் கழித்தேன். போன ஞாயிறு அவள் எடையை எட்டிப் பார்த்துவிட்டாள்.

"ஏம்ப்பா, இங்கன ஒன்னு காட்டுது, நீங்க ஒன்னு சொல்றீக?"

"காம்புக்குக் கழிச்சேன் தாயி."

"எனக்கு எங்கனப்பா இருக்கு காம்பு?"

லோடுமேன்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "நீங்க ஏறுங்க" என்றாள். ஏறினேன். "உங்களுக்கு எம்புட்டுக் கழிக்க?" என்றாள். மேடை காட்டிய எண்ணுக்கு எந்தக் கழிவும் பத்தாது. "நான் இருக்கிறபடியே இருந்துக்கிறேம்ப்பா. நீங்களும் உள்ளதச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். எனக்கு வெட்கமாக இருந்தது மச்சான். அன்றைக்கு வந்த இரண்டு சம்சாரிகளுக்குக் கழிவே போடாமல் எடை சொன்னேன். எனக்கு உடம்புக்கு முடியவில்லை என்று நினைத்து அவர்கள் இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள்.

இருந்தாலும் வெட்கம் வேறு, சம்பந்தம் வேறு. இந்த இடம் தட்டிப்போனால் இன்னொன்று அமையுமா என்று எனக்குப் பயமாக இருக்கிறது. ஆகையால் நீங்கள் நேரில் பெரியகுளம் போய், தையைப் பங்குனியாக்கி, பத்தை ஐந்தாக்கிப் பேசி முடிக்க வேண்டும். கழித்த கதையைச் சொல்ல வேண்டாம். நாலு வார்த்தை தணிந்து பேசினாலும் தப்பில்லை, நாம் பெண் வீட்டுக்காரர்கள்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, மோட்டாருக்குத் தண்ணீர் வற்றாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
இடுப்பில் எண்ணெய்த் துணியுடன்,
ஈஸ்வரபாண்டி.

பி.கு.: ஒட்டிய கவரைப் பிரித்து எழுதுகிறேன். பெரியகுளத்து அம்மாவே போன் செய்தார்கள். எடை கேட்டார்கள். மாடியில் ஜோதி மூச்சை இழுத்து விடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, உள்ளதைச் சொல்லிவிட்டேன். "அதனால என்னண்ணே, குறையாத கிலோவுக்கு ஒவ்வொரு பவுனா கூடப் போட்டுருங்க, சரியாப்போகும்" என்றார்கள். அது அப்படியே நான் மண்டியில் பேசுகிற பேச்சு மச்சான், எதிரே நின்று கேட்டால் எப்படி இருக்கும் என்று இத்தனை நாள் எனக்குத் தெரியாது. "எங்க புள்ளைக்குக் கழிவு கிடையாது தாயி. இருக்கிறபடி எடுக்கிறவக வரட்டும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து உங்கள் தங்கை வந்து, ஒரு டம்ளர் காபி கொடுத்தாள், எனக்கு நிறுத்தி வைத்திருந்த சீனியைப் போட்டு.

ஆகவே நீங்கள் பெரியகுளம் போக வேண்டாம். மேலே கேட்டுக்கொண்டதை அடித்துவிடுங்கள், இடுப்பு வலி மட்டும் அப்படியே இருக்கிறது. ஜோதிக்கு நல்ல விரிப்பாக வாங்கிவிட்டேன், தார்ப்பாய் எனக்கு. மண்டியில் காம்புக் கழிவு வழக்கம் போல உண்டு. ஈரத்துக்கு மட்டும் இனிமேல் கழிப்பதில்லை.